குறைந்த துடிப்புக்கு ஒரு தேநீர்

நான் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பிறகு, நலம் விசாரிக்க வந்தவர்களில் பெரும்பாலோர் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: “முன்கூட்டி ஒண்ணுமே தெரியலையா?” தெரிந்தது. எனக்கு மட்டுமன்று, எங்கள் ஊர்த் தேநீர்க் கடைக்கு வருகின்ற அனைவருக்கும் தெரிந்தது. அதற்காக எனக்குப் பரிசாக நாள்தோறும் ஒரு தேநீர் கிடைத்துவந்தது. அது எவ்வாறு என்பதையும், பின்னர் நடந்தவற்றையும் எழுதிவைப்பது பிறருக்குப் பயன்படலாம் என்று கருதுகிறேன். நான் அதிகம் பள்ளி சென்றவன் அல்லன். மருத்துவர் எனக்கு விளங்கும்படி சொன்னவற்றை, விளங்கிய அளவிலேயே இங்கே தருகிறேன்.

உசிலம்பட்டிக்கு மேற்கே, வானம் பார்த்த பூமியில் எங்கள் ஊர் உள்ளது. சில ஆண்டுகளுக்கு முன் நான்கு குடும்பங்கள் சேர்ந்து அரசு மானியத்தில் ஒரு சோலார் பம்பு அமைத்தோம். ஆழ்துளைக் கிணற்றுக்குள் மோட்டார், மேலே வரிசையாகப் பேனல்கள், ஓர் ஓட்டு அறைக்குள் மோட்டாரை ஆளும் பெட்டி. வெயில் உள்ள நேரமெல்லாம் தண்ணீர் வரும். மின்வாரியத்தின் மும்முனை மின்சாரத்துக்காகக் காத்திருந்த காலம் அதோடு முடிந்தது. பேனல்களின் மீது படியும் செம்மண் தூசியைக் காலையில் கழுவிவிடுவதும், யார் வயலுக்கு எப்போது தண்ணீர் என்று முறை வைத்து விடுவதும் என் பொறுப்பு. பம்பறையின் சாவி என் அரைஞாண் கயிற்றில் இருக்கும்.

அந்தச் சாவியின் மீது என் மைத்துனன் காசிமாயனுக்கு நெடுநாளாகவே ஒரு கண் உண்டு. என் மனைவி ஒச்சம்மாளின் தம்பி அவன். என்னைவிடப் பத்து வயது இளையவன். நான்கு பங்காளர்களில் ஒருவனும்கூட. “மாமா, உனக்கு வயசாச்சு. சாவியக் குடுத்துட்டுப் பேசாம உக்காந்து பேப்பரு படி” என்று வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்லிவிடுவான். “நீ முறை வச்சா முத முறையும் உன் வயலுக்கு, கடைசி முறையும் உன் வயலுக்கா மாப்ள?” என்று நானும் சொல்லிவிடுவேன். இது எங்களுக்குள் பழகிப்போன பேச்சு.

கப்பலூரில் பேனல்களுக்கு இரும்புத் தாங்கிகள் செய்கின்ற சிறிய தொழிற்கூடம் ஒன்றில் என் மகள் செல்வி அலுவலகப் பணி பார்க்கிறாள். பொங்கலுக்கு வந்தபோது எனக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கிவந்தாள். அது மணி காட்டுவதோடு நடந்த தூரத்தையும் உறங்கிய நேரத்தையும் சொல்லும். அதன் அடிப்பக்கத்தில் ஒரு பச்சை ஒளி உண்டு. அது தோலின் கீழ் ஓடும் இரத்தத்தைப் பார்த்து, இதயம் நிமிடத்துக்கு எத்தனை முறை துடிக்கிறது என்று எண்ணிக் காட்டும்.

அதைத் தேநீர்க் கடைக்குக் கட்டிக்கொண்டு போனேன். எண்பது, எழுபத்தைந்து என்று ஆளாளுக்குக் கட்டிப் பார்த்தார்கள். எனக்கு மட்டும் நாற்பத்திரண்டு. சிலருக்குச் சந்தேகம் வந்தது. அப்போது கடையில் இருந்த ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியர், “நெடுந்தூரம் ஓடுறவங்களுக்கு இதயம் மெதுவாத்தான் துடிக்கும். உரம் ஏறின இதயம் அது” என்று விளக்கினார். அவர் சொன்னது உண்மை என்று பின்னர் மருத்துவரும் சொன்னார். ஆனால் அது ஓடுகிறவர்களுக்கு உண்மை. நான் வாழ்நாளில் பேருந்துக்காகக்கூட ஓடியவன் அல்லன்.

அன்றிலிருந்து அது போட்டியாக மாறியது. எவர் துடிப்பு மிகக் குறைவோ அவருக்கு மற்றவர்கள் தேநீர் வாங்கித் தர வேண்டும். நாள்தோறும் நானே வென்றேன். முதல் நாள் கடையில் இல்லாத காசிமாயன், மறுநாளிலிருந்து நாற்பத்தாறு, நாற்பத்தெட்டு என்று இரண்டாவதாக வருவான். என்னை முந்துவதற்காக மூச்சை அடக்கிக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

“தம்பி, செத்துக்கித்துப் போயிராத. ஒரு டீக்கு இம்புட்டுப் பாடா?” என்று கடைக்காரர் கேட்பார்.

“இருங்கண்ணே, இன்னைக்கு மாமாவ விடுறதில்ல” என்பான் அவன், கண்ணைத் திறக்காமலே.

ஒருநாள் என் கையில் எண் முப்பத்தெட்டுக்கு இறங்கியது. கடிகாரம் தானாகவே நடுங்கிற்று. “ஏ, வாட்சே கை தட்டுதுப்பா!” என்று கடையே ஆரவாரித்தது. அது எச்சரிக்கை என்பதும், துடிப்பு அளவுக்கு மேல் குறைந்தால் நடுங்கும்படி செல்வியே அதை அமைத்திருந்தாள் என்பதும் எங்களில் எவருக்கும் தெரியாது. அதன் பிறகு அது நடுங்கும்போதெல்லாம் எனக்குத் தேநீரோடு ஒரு வடையும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

அந்த நாட்களில் எனக்குச் சில வேறுபாடுகள் தோன்றியிருந்தன. வரப்பில் நடந்தால் மூச்சு வாங்கியது. குனிந்து நிமிர்ந்தால் கண் இருண்டது. வெயில் என்று எண்ணிக்கொண்டேன். மாசி முடியும் நேரத்தில், ஒரு காலையில் பேனல்களுக்குத் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டேன். விழுந்தது ஈரமண் மீது என்பதால் எலும்பு தப்பியது. கண் விழித்தபோது காசிமாயன் என் கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தான். தன் வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்று சண்டை போட வந்தவன் அவன்.

உசிலம்பட்டியில் இதயத்தின் மின்னோட்டத்தைக் கோடுகளாக வரையும் ஈசிஜி எடுத்தார்கள். தாளைப் பார்த்த இளம் மருத்துவர் உடனே ஆம்புலன்சுக்குச் சொன்னார். மதுரை செல்லும் வழியெல்லாம் ஒச்சம்மாள் என் பாதத்தைப் பிடித்தபடியே வந்தாள். நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டும்போது பேருந்து நிறுத்தத்தில் மாணவர்கள் சிரித்துக்கொண்டு நின்றதைச் சன்னல் வழியாகக் கண்டேன். அவர்களைப் பார்த்தபோதுதான் எனக்கு முதன்முதலாக அச்சம் ஏற்பட்டது. ஏன் அப்போது ஏற்பட்டது என்று இன்றுவரை விளங்கவில்லை.

மதுரையில் என்னைப் பார்த்தவர் ஓர் அம்மையார், இதய மருத்துவர். என் தொழிலைக் கேட்டுவிட்டு, அதற்கேற்பவே பேசினார்.

“ஐயா, உங்க பம்புக்கு ரெண்டு வகையில கோளாறு வரலாம் இல்லையா? பைப்பு அடைச்சுக்கலாம், இல்ல வயர் அறுந்து போகலாம். உங்களுக்கு வயர்ப் பக்கம்தான் கோளாறு. இதயத்தோட மேல் அறையில உண்டாகுற கரண்டு கீழ் அறைக்கு வந்து சேரல. கீழ் அறை தன்னால முடிஞ்ச அளவுக்குத் தானா துடிச்சுக்கிட்டு இருக்கு. அதான் முப்பத்தஞ்சு, முப்பத்தெட்டு.”

“பைப்பு எப்புடிம்மா இருக்கு?” என்று கேட்டேன்.

“அதையும் பாத்துருவோம்” என்றார்.

முதலில், நான் மறுபடியும் மயங்கி விழாதிருப்பதற்காக, தொடையின் இரத்தக்குழாய் வழியே மெல்லிய கம்பி ஒன்றைச் செலுத்தி இதயத்தின் உள்ளே தொட்டுக்கொண்டிருக்குமாறு வைத்தார்கள். அதன் மறுமுனை கட்டிலின் அருகே, மின்தூண்டுதல் கொடுக்கும் ஒரு சிறு பெட்டியில் இருந்தது. அது தற்காலிக ஏற்பாடு. அந்தக் கம்பி இருக்கும்வரை காலை மடக்கக் கூடாது. பின்னர் கையின் இரத்தக்குழாய் வழியாக மருந்தைச் செலுத்தி, இதயத்துக்குச் செல்லும் குழாய்களைப் படமெடுத்தார்கள். அடைப்பு ஒன்றும் இல்லை. பைப்பு நன்றாக இருந்தது.

இவற்றுக்கெல்லாம் முன்பாகச் செவிலியர் என் அரைஞாண் கயிற்றை அறுத்து எடுத்தார். சாவி அதில் தொங்கிற்று. அருகில் நின்ற காசிமாயன் கையை நீட்டினான்.

“எங்கிட்டக் குடுங்க சிஸ்டர்.”

ஒச்சம்மாள் இடையில் புகுந்து சாவியை வாங்கித் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள். “ஆளு இன்னும் உசுரோடதேன் இருக்காரு. கையக் கீழ போடுடா” என்றாள்.

“அக்கா, தண்ணி பாய்ச்சணும்ல? அங்க பயிரு காயுது.”

“காயட்டும்.”

தீவிர சிகிச்சைப் பிரிவில் கழிந்த இரவுகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. விளக்கு அணைக்கப்படுவதில்லை. யாராவது ஒருவருடைய கருவி கூவிக்கொண்டே இருக்கும். என் தலைக்கு மேல் ஒரு திரை. அதில் என் துடிப்பு. தேநீர்க் கடையில் அந்த எண் இறங்க வேண்டும் என்று விரும்பியவன், அங்கே அது இறங்கிவிடக் கூடாது என்று பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். வெளியே வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்திருந்த ஒச்சம்மாளுக்கு, பக்கத்துக் கட்டில்காரரின் மருமகள் காலையும் மாலையும் பிளாஸ்கில் வெந்நீர் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். சோழவந்தான் பக்கத்துப் பெண். அவள் பெயரை நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை என்பது இப்போது வருத்தமாக உள்ளது. செல்வி விடுப்பு எடுத்துக்கொண்டு, அரசுக் காப்பீட்டு அட்டைக்குரிய தாள்களுடன் ஒவ்வொரு சன்னலாக நின்றாள். கட்டணத்தின் பெரும்பகுதியைக் காப்பீடு ஏற்றது. எஞ்சியதைப் பற்றி எவரும் என்னிடம் பேசவில்லை. பேசக் கூடாது என்று அவள் கட்டளையிட்டிருந்தாளாம்.

அம்மையார் மறுநாள் வந்து, பேஸ்மேக்கர் என்னும் கருவியை நிலையாகப் பொருத்த வேண்டும் என்றார். தீப்பெட்டியைவிடச் சற்றே சிறியது. இடத்தோளை ஒட்டிய காறையெலும்பின் கீழே தோலுக்கடியில் வைப்பார்கள். அதிலிருந்து கம்பிகள் இரத்தக்குழாயின் வழியே இதயத்துக்குள் செல்லும். துடிப்பு குறையும்போது அது சிறிய மின்தூண்டுதல் கொடுக்கும். இப்போது கம்பியே இல்லாத வகையும் வந்துள்ளதாம். மாத்திரை போன்ற சிறு கருவியைத் தொடை வழியாகக் கொண்டுபோய் இதயத்துக்குள்ளேயே வைத்துவிடுவார்களாம். என் கோளாறுக்கு மேலறை, கீழறை இரண்டையும் இணைக்கும் கம்பி வகையே பொருத்தம் என்று விளக்கினார்.

காசிமாயன் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். “டாக்டரம்மா, பேட்டரி எம்புட்டு நாளைக்கு வரும்?”

“பத்து வருஷம் அளவுல வரும். ஆளப் பொறுத்துக் கொஞ்சம் கூடும், குறையும். அப்புறம் பெட்டிய மட்டும் மாத்திக்கலாம்.”

“வெயில்ல உக்கார வச்சா சார்ஜ் ஏறாதா? நம்மகிட்டதேன் சோலார் இருக்கே.”

அம்மையார் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் கவலை வேறாக இருந்தது.

“அம்மா, நான் நாள் முழுக்க மோட்டார்ப் பெட்டிகிட்ட நிக்கிறவன். இத வச்சுக்கிட்டு அங்க நிக்கலாமா?”

அவர் அவசரப்படாமல் விடை சொன்னார். பேனல்களால் தீங்கு இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார், மோட்டாரை ஆளும் பெட்டி ஆகியவற்றிலிருந்து ஒரு கை தூரம் தள்ளி நிற்க வேண்டும். பெட்டியைத் திறந்து அதன் மேல் நெஞ்சைச் சாய்க்கக் கூடாது. வெல்டிங் கூடாது. கைப்பேசியை இடப்பக்கச் சட்டைப் பையில் வைக்கக் கூடாது. காந்தம் வைத்த உறை போட்ட கைப்பேசி என்றால் மார்புக்குக் கிட்டவே கொண்டுபோகக் கூடாது. வலக்காதில் வைத்துப் பேசலாம். புண் ஆறும்வரை சில வாரங்களுக்கு இடக்கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது. அதனால் பேனல்களைக் கழுவவும் கூடாது.

அதாவது, சாவியைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். சில வாரங்களுக்கேனும். கொடுக்க வேண்டியது காசிமாயனுக்குத்தான். மற்ற இரு பங்காளர்களும் திருப்பூரில் இருக்கிறார்கள்.

ஒப்புதல் தாளைச் செவிலியர் என் முன் நீட்டினார். பேனாவைக் கையில் வாங்கிவிட்டேன். ஒச்சம்மாளும் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். காசிமாயன் சாவியை வாங்குவதற்காக எழுந்தான். எழுந்தவன் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, ஒரு நொடி நின்றான். பிறகு ஒன்றும் நேராதது போலக் கையை நீட்டினான்.

பேனல்களின் அருகே நான் பல காலைகளில் அப்படி நின்றிருக்கிறேன். போட்டியில் இரண்டாவதாக வந்தவன் எவன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பேனாவைத் தாளின் மீது வைத்துவிட்டேன். “மாப்ள, நீ முதல்ல போயி ஈசிஜி எடுத்துட்டு வா. அதுக்கப்புறம் நான் கையெழுத்துப் போடுறேன்.”

“எனக்கெதுக்கு? நான் நல்லாத்தேன் இருக்கேன்.”

“நானும் அப்புடித்தேன் சொன்னேன்.”

“சாவியக் குடுக்க மனசில்லாம பேசுறியா மாமா? வேண்டாம், நீயே வச்சுக்க. நெஞ்சுல கட்டித் தொங்க விட்டுக்க.”

“நாப்பத்தாறு யாருக்குடா வந்துச்சு?”

“அது மூச்சு அடக்குனதுக்கு வந்துச்சு!”

“அடக்காமலும்தேன் வந்துச்சு. நான் பாத்தேன்.”

அவன் ஒச்சம்மாளிடம் முறையிட்டான். “அக்கா, பாரு. தான் பொழைக்கிறதுக்கு எனக்குச் சீட்டுக் கிழிக்கிறாரு. வயலப் பாக்கவா, இவரப் பாக்கவா? நான் ஊருக்குப் போறேன்.” உண்மையாகவே படிவரை போய்விட்டான். செல்வி கண்ணீருடன், “அப்பா, மாமா வராட்டி நீங்க ஆபரேஷன் பண்ணிக்க மாட்டீங்களா?” என்று கேட்டாள்.   தற்காலிகக் கம்பி இருந்ததால் ஒரு நாள் தாமதத்தால் கேடில்லை என்று அம்மையார் முன்பே சொல்லியிருந்தார். அதை நம்பித்தான் பிடிவாதம் செய்தேன்.

ஒச்சம்மாள் எழுந்து படிக்குப் போனாள். அங்கே என்ன பேசினாள் என்பதைப் பிறகு செல்விதான் சொன்னாள். தம்பியின் சட்டையைப் பிடித்து, “அங்க ஒருத்தரு கம்பியோட கெடக்காரு. இன்னொருத்தனுக்குப் பிளாஸ்கு தூக்க எனக்குத் தெம்பு இல்லடா. எனக்காகப் போ” என்று சொன்னாளாம். அவன் அவளோடு ஈசிஜி அறைக்குப் போனானாம்.

ஈசிஜி எடுத்தார்கள். அம்மையார் என் கட்டிலருகே நின்று அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தார். நாங்கள் மூவரும் அவர் முகத்தைப் பார்த்தோம்.   

“வயர் அறுபடல,” என்றார் அவர். “ஆனா துடிப்பு ரொம்பக் குறைவு. என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?”

அவன் சட்டைப் பையிலிருந்து இரண்டு அட்டைகளை எடுத்துக் கொடுத்தான். இரண்டும் இரத்த அழுத்த மாத்திரைகள். ஒன்று உசிலம்பட்டி மருத்துவர் எழுதியது. மற்றொன்று ஊரில் நடந்த மருத்துவ முகாமில் கொடுத்தது. பெயர்கள் வேறு, உள்ளே இருந்த மருந்து ஒன்றே. அது இதயத்தின் வேகத்தைக் குறைக்கும் இயல்புடையது. அவன் பல மாதங்களாக இரண்டையும் விழுங்கிவந்திருக்கிறான்.

“ரெண்டையும் ஏன் சாப்பிட்டீங்க?”

“ரெண்டு பேரும் நல்ல டாக்டருங்க. யாரோடத விடுறது?” என்றான் காசிமாயன்.

அம்மையார் ஓர் அட்டையைத் தம் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். இப்படியே இன்னும் சில காலம் போயிருந்தால் அவனும் எங்கேனும் விழுந்திருப்பான் என்றார். மற்றோர் அட்டையிலும் பாதி அளவே போதும் என்று எழுதிக்கொடுத்தார். அவனாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது என்பதை மூன்று முறை சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, “இப்பக் கையெழுத்துப் போடுவீங்களா ஐயா?” என்று கேட்டார். போட்டேன். சாவியையும் கொடுத்தேன்.

கருவி பொருத்துவதற்கு என்னை முழு மயக்கத்தில் ஆழ்த்தவில்லை. தோளருகே மரத்துப்போகச் செய்தார்கள். அழுத்துவதும் இழுப்பதும் தெரிந்தன, வலி தெரியவில்லை. மறுநாள் ஓர் இளைஞர் கணினியோடு வந்து கருவியைச் சோதித்தார். கணினியோடு கம்பியால் இணைந்த ஒரு வட்டை என் மார்பின் மீது பிடித்துக்கொண்டு, “இப்பக் கொஞ்சம் வேகமா ஓட வைக்கிறேன் ஐயா, பயப்படாதீங்க” என்றார். படுத்திருந்தபடியே மேடேறுவது போல என் நெஞ்சு படபடத்தது. பிறகு அடங்கிற்று. அறுபதுக்குக் கீழே போகாதபடி வைத்திருப்பதாகச் சொன்னார். என் இதயத்தை இன்னொருவர் விரலால் ஓட்டியதை நான் இன்னும் முழுதாக ஏற்றுக்கொண்டேன் என்று சொல்ல முடியாது. ஆனால் அன்று படுக்கையிலிருந்து எழுந்தபோது கண் இருளவில்லை. கழிவறைவரை நடந்து திரும்பியும் மூச்சு வாங்கவில்லை. அவற்றைத்தான் வெயில் என்று எண்ணிப் பொறுத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது கோடை. தையல் ஆறிவிட்டது. கருவி பொருத்தியிருப்பதைச் சொல்லும் அடையாள அட்டை என் சட்டையின் வலப்பக்கத்தில் இருக்கிறது. அந்தப் பக்கம் ஒச்சம்மாளே பை தைத்துக் கொடுத்தாள். தேநீர்க் கடையில் போட்டி நின்றுவிட்டது. விளையாட்டு ஆசிரியர் என்னைக் கண்டால் சிறிது நேரம் செய்தித்தாளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்கிறார். அவர் மீது எனக்குக் குறை இல்லை. வடையை நான்தானே தின்றேன்.

நேற்றுக் காலை பம்பறைக்குப் போனேன். காசிமாயன் பேனல்களைக் கழுவிக்கொண்டிருந்தான். நான் வாசலில், பெட்டியிலிருந்து கை தூரம் விட்டு நின்றேன்.

“மாத்திர போட்டியா மாப்ள?”

“போட்டேன்.”

“எத்தன?”

“பாதி. வாய வேணா தொறந்து காட்டவா?” என்றான். பிறகு துணியால் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, சாவியை நீட்டினான். “இந்தா மாமா. ஆறிருச்சுல்ல, வாங்கிக்க.”

சாவியை வாங்கவில்லை. என் கடிகாரத்தைக் கழற்றி அவன் கையில் கட்டினேன். மூச்சை அடக்காமல் நின்றான். எண் வருவதற்குச் சற்று நேரமாயிற்று. அறுபத்தெட்டு. கடிகாரம் நடுங்கவில்லை.

“தோத்துட்டேன்” என்றான் அவன்.

“நானும்தேன்” என்றேன்.

அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றோம். வயலின் மறுகோடியிலிருந்து ஒச்சம்மாள் குரல் கொடுத்தாள்: “ஏய், தண்ணி வரப்ப ஒடச்சுக்கிட்டுப் போகுது! ரெண்டு பேரும் அங்க என்னா பண்றீக?”

காசிமாயன் கடிகாரத்தோடு ஓடினான். நான் அவன் பின்னால் நடந்தேன்.